பழைய சைக்கிளுக்கு எந்த டயர், எந்தப் பிரேக் கட்டை?

கேள்வி: ''எங்கள் அப்பா 30 வருடமாக ஒரே சைக்கிளில்தான் பால் ஊற்றப் போய்வருகிறார். உயரமான பெரிய சைக்கிள், கம்பி பிரேக். போன மாதம் தூறலில் பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், குறுக்கே வந்த மாட்டின் மேல் மோதி விழுந்துவிட்டார். கையில் சிராய்ப்பு, 12 லிட்டர் பால் ரோட்டோடு போனது. பின் டயரும் தேய்ந்து நூல் தெரிகிறது. '28 டயர்' என்று கேட்டு வாங்கிவந்தோம், ரிம்மில் ஏறவே இல்லை. சைக்கிளை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். அப்பா சம்மதிக்கவில்லை. என்ன செய்யலாம்?''

- ஒரு வாசகி, கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் வட்டம்.

பதில்: ஃபிரேமிலும் முன் ஃபோர்க்கிலும் விரிசல் இல்லையென்றால் அந்தச் சைக்கிளை எடைக்குப் போட வேண்டியதில்லை. முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். குழாய்கள் சேரும் இடங்களில், முக்கியமாக ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க் தொடங்கும் இடத்தில், அழுக்கைத் துடைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். பெயின்ட் வெடித்து, அதற்குள் துருக்கோடு ஓடினால் அது விரிசல். அப்படி இருந்தால் அண்ணன் சொல்வது சரி. இல்லையென்றால் அப்பா சொல்வது சரி.

டயர் ஒரு பிரச்னை, பிரேக் வேறொரு பிரச்னை என்று பிரித்துப் பார்ப்பதால்தான் பல வீடுகளில் வீண் செலவு ஆகிறது. எந்த டயர் ஏறும், எந்தக் கட்டை பிடிக்கும் என்ற இரண்டையும் தீர்மானிப்பது ரிம்தான். கடைக்குப் போவதற்கு முன் ரிம்மைப் பார்க்க வேண்டும்.

'28 டயர்' ஏறாத கதை இது. 28 என்பது காற்றடைத்த டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகச் சொல்லும் அங்குலக் கணக்கு. ரிம்மின் அளவு அது இல்லை. டயர் மெலிதாக இருந்தால் அதே 28-க்குள் ரிம் பெரிதாக இருக்கலாம், தடிமனாக இருந்தால் சிறிதாக இருக்கலாம். அதனால் 28 என்ற பெயரிலேயே ஒன்றுக்கொன்று பொருந்தாத டயர்கள் சந்தையில் இருக்கின்றன. கம்பி பிரேக் வைத்த பழைய பெரிய சைக்கிள்களுக்கு வருவது பெரும்பாலும் 28 × 1½. இதன் பக்கச்சுவரில் 40-635 என்றும் ஓர் எண் இருக்கும். 40 என்பது டயரின் அகலம், 635 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 28 × 1⅝ × 1⅜ என்றோ 28 × 1¾ என்றோ வரும் டயர்களின் ரிம் விட்டம் 622 மட்டுமே. விட்டத்தில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் சுற்றளவில் 4 சென்டிமீட்டர். டயரின் உள்விளிம்பில் இருப்பது எஃகுக் கம்பி, அது இழுபடாது. எத்தனை லீவர் போட்டு நெம்பினாலும் 622 டயர் 635 ரிம்மில் ஏறாது. கரிவலம்வந்தநல்லூர் வீட்டில் நடந்ததும் அநேகமாக இதுதான். ஸ்குரு டிரைவரால் நெம்பி விளிம்புக் கம்பியை வளைக்காமல் இருந்தால், அந்த டயரைக் கடையில் மாற்றிக் கேட்கலாம்.

இதற்கு நேர்மாறான தவறுதான் ஆபத்தானது. பெரிய விட்டத்து டயர் சின்ன ரிம்மில் சுலபமாக ஏறிவிடும், 'லூஸாக இருக்கிறதே' என்று மட்டும் தோன்றும். காற்றடித்து, சுமை ஏற்றி, வெயிலில் ஓடும்போது ஒரு பக்கம் ரிம்மைவிட்டு எழும்பி, டியூப் பிதுங்கி வெடிக்கும். 26 அங்குலத்தில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 26 × 1⅜ டயரின் ரிம் விட்டம் 590. 26 × 1½ என்றால் 584. 26 × 1.75, 26 × 2.125 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் 559. பின்னத்தில் எழுதியதும் புள்ளியில் எழுதியதும் கணக்குக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் சைக்கிளுக்கு ஒன்று இல்லை. கடையில் அங்குலத்தைச் சொல்லிக் கேட்டாலும், வாங்கும் முன் அந்த மூன்று இலக்க எண்ணைப் பார்த்துவிட வேண்டும். பழைய டயரின் பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் எண் பெரும்பாலும் தெரியும். தேய்ந்து தெரியாமல் போயிருந்தால், கழற்றிய டயரையோ சக்கரத்தையோ கையோடு கொண்டுபோவதுதான் நல்லது. பத்து கிலோமீட்டர் தூரம் சங்கரன்கோவிலுக்கு இரண்டாம் தடவை பஸ் ஏறுவதைவிட இது மேல்.

இந்த 635 அளவு உலகத்தில் பல நாடுகளில் அருகிப்போய்விட்டது. இந்தியா, சீனா, நெதர்லாந்து போன்ற சில இடங்களில் மட்டும் நிலைத்திருக்கிறது. மண்ரோட்டுக்கும் பாரத்துக்கும் ஏற்ற பிரிட்டிஷ் மாடல் பெரிய சைக்கிளை நம் கம்பெனிகள் விடாமல் செய்துவந்ததுதான் காரணம். 1949-ல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸை அனுப்பியது. 1956 முதல் லூதியானாவிலிருந்து ஹீரோ வந்தது. அந்த லூதியானாவில்தான் ரால்சன், மெட்ரோ டயர்களும் தயாராகின்றன. ஆகவே 28 × 1½ கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புது மாடல் சைக்கிள் மட்டும் விற்கும் கடையில் இல்லாமல் இருக்கலாம். பழைய ரிப்பேர் கடையில் கேட்டால் கிடைக்கும்.

அளவு சரியென்றால் அடுத்தது டயரின் தரம். டயரை இரண்டாக மடக்கிப் பக்கச்சுவரைப் பார்க்க வேண்டும். நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அது நெடுநாள் வெயில் பட்டுத் தொங்கிய சரக்கு. 'புதுசுதானே' என்று வாங்கினால் ஒரு கோடையில் பக்கம் பிளந்துவிடும். உள்விளிம்புக் கம்பியில் சுளுக்கு விழுந்திருந்தாலும் வேண்டாம். சக்கரம் சுற்றும்போது அந்த இடத்தில் ஒரு துள்ளல் இருந்துகொண்டே இருக்கும். சீமைக் கருவேல முள் இறைந்து கிடக்கும் பாதையில் போகிறவர்களுக்கு நடுப்பகுதி ரப்பர் தடிமனாக உள்ள டயர் வேண்டும். நீளவாட்டில் வரி ஓடும் சாதா டயர் போதும். டிராக்டர் டயர் மாதிரி குமிழ் குமிழாக உள்ளது பார்க்க உறுதியாகத் தெரியும். தார் ரோட்டில் மிதிப்பதற்குக் கனமாக இருக்கும், 68, 70 வயதுக்காரரின் முழங்காலுக்கு அது தேவையில்லை.

இனி ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரம் பின்னால் ஏறுவதால் பின் டயர்தான் முதலில் தேயும். உடனே புது டயரைப் பின்னால் போட்டு, தேய்ந்ததை 'இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்' என்று முன்னால் போடுவது ஊர்வழக்கம். இது தவறு. பின் டயர் வெடித்தால் சைக்கிள் தள்ளாடும், பெரும்பாலும் இறங்கிவிடலாம். முன் டயர் வெடித்தால் ஹேண்டில்பார் கையில் நிற்காது, ஆள் கீழே விழுவார். முன்னால் ஓடும் டயர் வெடிப்பில்லாமல் நல்ல நிலையில் இருந்தால் அதைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போட வேண்டும். நூல் தெரியும் டயரை இரண்டிலும் போடக் கூடாது. அதைக் கிணற்றடி வாழைக்கு முட்டுக் கொடுக்கவோ பிள்ளைகள் உருட்டி விளையாடவோ வைத்துக்கொள்ளலாம்.

டயரை மாட்டும் முன் பழைய டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைத்துப் பார்ப்பது நல்லது. பஞ்சர் ஆன முள்ளின் நுனி அங்கேயே ஒடிந்து நிற்கும். விரலால் தடவினால் குத்திவிடும் என்பதால் துணி. ரிம்முக்குள் ஆரக்கம்பிகளின் முனைகளை மூடும் ரிம் டேப் இற்றுப்போயிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அடிக்கடி காரணம் தெரியாமல் டியூபின் உட்பக்கத்தில் பஞ்சர் ஆகிறது என்றால் காரணம் அதுதான். டியூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுந்திருந்தால் முள்ளைக் குறை சொல்லக் கூடாது. காற்றுக் குறைவாக இருந்து, பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கியது என்று அர்த்தம். பால் கேன் ஏற்றிய பிறகு ஒருமுறை பின் டயரைக் குனிந்து பார்த்தால் போதும். தரையில் பட்டையாகப் பரவி உட்கார்ந்திருந்தால் காற்று போதவில்லை. காற்று தினமும் இறங்கினால் பஞ்சர் பார்ப்பதற்கு முன் வால்டியூபை மாற்றிப் பாருங்கள். சின்ன ரப்பர் துண்டு, வெயிலில் சீக்கிரம் இற்றுவிடும்.

பெரியவர் விழுந்தது டயரால் அல்ல, பிரேக்கால். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஒயர் பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் இரு பக்கங்களையும் கவ்வும். கம்பி பிரேக்கில் அப்படி இல்லை. ரிம்மின் உட்புறத்தில், ஆரக்கம்பிகளுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் வளைந்த பட்டையில் கட்டைகள் வந்து அழுத்தும். அதற்கென்றே அந்த ரிம் வளைத்துச் செய்யப்பட்டிருக்கிறது. இடையில் எப்போதாவது ரிம் நெளிந்து, மெக்கானிக் கையில் கிடைத்த வேறு வகை ரிம்மைக் கோத்துக் கொடுத்திருந்தால், கட்டை முழுதாகப் படியாமல் ஓர் ஓரம் மட்டும் உரசும். அதற்கு எத்தனை புதுக்கட்டை போட்டாலும் பிடிக்காது. கட்டையின் தேய்மானத்தைப் பார்த்தால் இது தெரியும். முழுப் பரப்பும் சமமாகத் தேய்ந்திருந்தால் ரிம் சரி. ஒரு முனையோ ஓரமோ மட்டும் மழுங்கியிருந்தால் ரிம் தப்பு, அல்லது கட்டை கோணலாக நிற்கிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஒயர் பிரேக்குக்குச் சக்கரம் பக்கவாட்டில் ஆடக் கூடாது. கம்பி பிரேக்குக்கு மேலும் கீழும் குதிக்கக் கூடாது. கல்லில் ஏறி ரிம்மில் ஓர் இடம் பள்ளமாகியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் பிரேக் 'டக்' என்று பிடித்து விடும். கட்டை வாங்குவதற்கு முன் சக்கரத்தில் கோட்டம் எடுத்துவிட வேண்டும்.

பிரேக்கை அழுத்தும்போது பிடி ஹேண்டில்பார் வரை வந்துவிடுகிறதா? அப்படியானால் கட்டை தேய்ந்திருக்கலாம், அல்லது கம்பிகளின் மூட்டுகள் தளர்ந்திருக்கலாம். உதவிக்கு ஒருவர் பிடியை அழுத்த, மற்றவர் கம்பி போகும் வழியெல்லாம் பார்த்தால் எங்கே வீணாக ஆடுகிறது என்று தெரிந்துவிடும். மூட்டின் ஓட்டை அகன்றிருந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வைத்துக் கம்பியின் நட்டை இறுக்கினால் சரி. செயின் தளர்ந்தது என்று பின் சக்கரத்தை நகர்த்தி இறுக்கும்போது இந்த இடைவெளி மாறிவிடும். செயின் இறுக்கிய அன்றே பின் பிரேக்கையும் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கட்டை வாங்கும்போது பழையதைக் கழற்றிக் கொண்டுபோக வேண்டும். கம்பி பிரேக் கட்டையும் ஒயர் பிரேக் கட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நகத்தால் அழுத்தினால் ரப்பரில் லேசாகத் தடம் விழ வேண்டும். பிளாஸ்டிக் மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் அது நெடுநாள் கிடந்து இறுகியது, ரிம்மில் சத்தம்தான் வரும். ஒரு சக்கரத்துக்கு இரண்டும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மாட்டுவதில் ஒரு சிறு விஷயம் உயிரைக் காக்கும். ரப்பரைப் பிடித்திருக்கும் தகரக் கூட்டின் ஒரு முனை சில கட்டைகளில் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் அந்த இடத்தில் ரிம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, மூடிய முனை அந்தப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால், இறுக்கிப் பிரேக் போடும் ஒரு நாளில் ரப்பர் கூட்டைவிட்டு நழுவி ரோட்டில் விழும். பிரேக் மிக அவசரமாகத் தேவைப்படும் நேரமாகத்தான் அது இருக்கும்.

கட்டை எந்த நிலையிலும் டயரைத் தொடக் கூடாது. தொட்டால் இரண்டு வாரத்தில் புது டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும்.

அடுத்தது மழை. பழைய சைக்கிளின் ரிம் இரும்பு, மேலே குரோம் பூச்சு. காய்ந்திருக்கும்போது ரப்பர் அதில் நன்றாகப் பிடிக்கும். நனைந்தால் நடுவில் ஒரு நீர்ப்படலம் நின்று, பிடிப்பு மிகவும் குறைந்துவிடும். புதுக்கட்டைக்கும் இதே கதைதான். அலுமினிய ரிம்மில் இது இவ்வளவு மோசமில்லை. பெரியவர் தூறலில் விழுந்ததற்கு அவருடைய வயதைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலச் சாரல் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இறக்கம் வருவதற்கு நன்றாக முன்னாலேயே பிரேக்கை லேசாகத் தொட்டபடி பத்து, பதினைந்து சுற்று ஓடவிட வேண்டும். கட்டை ரிம்மிலுள்ள தண்ணீரை வழித்துவிடும். அதன் பிறகு அழுத்தினால் பிடிக்கும். ரிம்மில் துரு ஏறியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, காய்ந்த துணியால் துடைக்கலாம். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டு ரிம்மில் தெறித்தாலும் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். சத்தம் வருகிறது என்று கட்டைக்கே எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

கடிதத்தில் முன் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கிராமத்துப் பழைய சைக்கிள்களில் முன் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுவது சகஜம். 'முன் பிரேக் போட்டால் குப்புற விழுவோம்' என்ற பயம். வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்னுக்குச் சாயும். பின் சக்கரம் இலேசாகி வழுக்கும், முன் சக்கரம்தான் தரையை அழுத்திப் பிடிக்கும். நிறுத்துவதில் பெரிய பங்கு முன் பிரேக்குடையது. பின்னால் பால் கேன் இருக்கும் கனமான சைக்கிள் குப்புறக் கவிழ்வது சுலபமில்லை. இரண்டு பிடியையும் ஒன்றாகச் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். திருப்பத்தில் மணல் இறைந்திருந்தால் மட்டும் முன் பிரேக்கைத் தொடாமல், திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மாட்டைப் பார்த்துப் பிடியை அழுத்துவதற்குள் ஒரு விநாடி போனால், அதற்குள்ளேயே 4 மீட்டர் ஓடியிருப்பார். அதற்குப் பிறகு நிற்க ஆகும் தூரம் வேறு. வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். பாலத்து இறக்கத்தில் மிதிக்காமலே வேகம் கூடுகிறது. 12 லிட்டர் பாலும் கேனும் பின்னாலிருந்து தள்ளுகின்றன. கேனை ஹேண்டில்பாரில் தொங்கவிடும் பழக்கமும் இருந்தால் விட்டுவிட வேண்டும். அது பிரேக் கம்பியில் இடிக்கும். ஹேண்டிலும் ஒரு பக்கம் இழுக்கும். கேரியரின் இரு பக்கமும் சமமாகக் கட்டினால் நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பணம் இல்லையென்றால், முதலில் முன் பிரேக்கைச் சரிசெய்து அதற்குப் புதுக்கட்டை போட வேண்டும். அதோடு நூல் தெரியும் டயரையும் மாற்றியாக வேண்டும், அது அடுத்த மாதம் வரை காத்திருக்காது. பின் பிரேக் கட்டை அடுத்தது. பெயின்ட், புது சீட், பெல் எல்லாம் பருத்தி விற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் நேராகப் பால் ஊற்றப் போகக் கூடாது. பால் கேனில் 12 லிட்டர் தண்ணீரை நிரப்பிக் கட்டி, ஆளில்லாத களத்திலோ பள்ளிக்கூட மைதானத்திலோ அப்பாவையே ஓட்டச் சொல்லி நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு ரிம்மில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு இன்னொரு முறை. புதுக்கட்டை ரிம்மில் படிய இரண்டு, மூன்று நாள் ஆகும். அதன் பிறகு நட்டுகளை ஒருமுறை இறுக்கிவிட வேண்டும்.

கேள்வி: ''பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள் மகள் படிப்பு முடித்ததிலிருந்து சும்மா நிற்கிறது. தோட்டத்துக்குப் புல்லுக்கட்டு எடுத்துவரப் பயன்படுத்தலாமா?''

- ஒரு வாசகர், புளியங்குடி.

பதில்: அளவான கட்டாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். நீண்ட நாள் காற்றில்லாமல் ஒரே இடத்தில் நின்ற டயரில், தரையில் படிந்திருந்த பாகம் மடிந்து வெடித்திருக்கும். காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றி அந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். வெடிப்பு ஆழமாக இருந்தால், டயரின் பக்கத்தில் உள்ள மூன்று இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகலாம். ஒயர் பிரேக்காக இருந்தால் ஒயரைப் பிடிக்கருகே பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் முழு ஒயரையும் மாற்றிவிட வேண்டும். கனமான கட்டுகளுக்கு அதன் கேரியர் தாங்காது. கேரியரைத் தாங்கும் கம்பிகளின் போல்ட்டைச் சக்கர அச்சருகே பார்த்தால், எவ்வளவு பாரத்துக்கு அது செய்யப்பட்டது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.